பூஜையில் வைத்த டிஸ்க்

எங்கள் நோயாளிகளின் பதிவுகளை அழித்தது நீங்கள். மீட்டது நீங்கள் இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இன்றைக்கும் வேறு மாதிரி எழுதியிருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு டயாலிசிஸ் மையத்தின் தரவுகளை ஒரே நாளில் முழுமையாக மீட்டுக் கொடுத்தோம் என்று போட்டு, பக்கத்தில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண் சிரிக்கிற படம். அந்த மையம் எங்களுடையது. அந்த ஒரு நாள் முழுக்க அங்கே இருந்தவள் நான். உங்கள் ஆள் ஒருவர்கூட எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றவில்லை.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு போகிற சாலையில் எங்கள் மையம் இருக்கிறது. ஒரு அறக்கட்டளை நடத்துகிறது. பதினோரு படுக்கை, பதினோரு மெஷின். சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வந்து நான்கு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டியது நிறைய இருக்கும். வரும்போது எடை, போகும்போது எடை, ரத்த அழுத்தம், எந்த மருந்து எவ்வளவு, நடுவில் குளிர் வந்ததா, வாந்தி வந்ததா, ரத்தம் ஏற்றினோமா. இவற்றைப் பாதுகாக்கிற வேலை என்னுடையது. அதற்கு முன்னால் மதுராந்தகத்தில் ஒரு லாரி அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் கணக்கு அடித்துக்கொண்டிருந்தேன். நான் பெரிய இன்ஜினியர் இல்லை. டேட்டாபேஸ் என்றால் என்ன என்பதைத் திட்டு வாங்கி, தப்புப் பண்ணி, மறுபடியும் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

முன்பு எல்லாம் காகிதத்தில் இருந்தது. ஒரு ஐப்பசி மழையில் பின்பக்க அறையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கீழ்த்தட்டில் இருந்த ஃபைல்கள் களியாகப் போயின. கையால் எடுத்தால் கையோடு வந்தன. அதைப் பார்த்து பயந்த அறக்கட்டளைக்காரர்கள் உங்களைக் கூப்பிட்டார்கள். நீங்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இனிப்போடு வந்தீர்கள். சர்வர் எங்களுடையது, சேமிப்பிடம் எங்களுடையது, தினமும் பிரதி எடுப்போம், நீங்கள் எதையும் யோசிக்க வேண்டாம் என்றீர்கள். எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் அன்றைக்கே பிடிக்கவில்லை. யோசிக்க வேண்டாம் என்று சொல்கிறவனிடம் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் இனிப்பைச் சாப்பிட்டேன். அதையும் மறைக்கவில்லை.

சந்தேகத்தினால் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, சனிக்கிழமைதோறும் உங்கள் இடத்தில் இருந்த டேட்டாபேஸ் கோப்புகளை இறக்கி எங்கள் அலுவலகத்தில் ஒரு சின்ன டிஸ்க்கில் வைத்துக்கொண்டேன். இரண்டாவது, லாக். டேட்டாபேஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் செய்வதற்கு முன்னால், இன்னதைச் செய்யப்போகிறேன் என்று வரிசை எண் போட்ட கோப்புகளில் குறித்துக்கொள்ளும். அதைத்தான் லாக் என்கிறோம். அந்தக் கோப்புகள் கால்மணிக்கு ஒரு தடவை எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டருக்கு வந்து சேருகிற மாதிரி ஏற்பாடு கேட்டேன். தேவையில்லை மேடம், எல்லாம் எங்களிடமே பத்திரமாக இருக்கிறது என்றார் உங்கள் ஆள். நான் போனில் கத்தினேன். கத்தினால் சில வேலைகள் நடக்கின்றன. அது நடந்தது.

இனி ஆயுத பூஜை.

எங்கள் மையத்தில் ஆயுத பூஜைக்கு ஒரு சங்கடம் உண்டு. எல்லா ஊரிலும் அன்றைக்கு மெஷினை நிறுத்திப் பொட்டு வைப்பார்கள். லேத்துப் பட்டறை நிற்கும், ஆட்டோ நிற்கும். எங்கள் மெஷின் நிற்க முடியாது. நின்றால் ஆள் செத்துப்போவான். அதனால் ஓடுகிற மெஷினுக்கே பக்கவாட்டில் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்போம். இதில் எங்கள் தலைமை நர்சுக்கு மனசு ஆறாது. அவரும் மதுராந்தகம் பக்கம்தான், ஏரிக்கரை ஊர், நெல் விளைகிற வீடு. என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். அக்கா என்பேன். மெஷின் நிற்க முடியாது என்றால் மையத்தில் வேறு ஏதாவது ஒன்றாவது அன்றைக்கு நிற்க வேண்டும் என்று அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அந்த ஒன்று என் கம்ப்யூட்டர். அன்று ஒரு நாள் நர்சுகள் காகிதத்தில் எழுதுவார்கள், மறுநாள் விஜயதசமிக்கு நான் முதல் வேலையாக அதையெல்லாம் ஏற்றுவேன்.

முந்தைய வருடங்களில் நான் திரையை மட்டும் அணைத்துவிட்டு நிறுத்தியாயிற்று என்று சொல்லிவந்தேன். போன பூஜையில் மாட்டிக்கொண்டேன். யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இன்னாடி, டிவிய அணைச்சிட்டு என்ன ஏமாத்திக்கினு இருந்தியா இத்தினி வருசமா?"

"யக்கா, அது இங்க இல்லக்கா. கம்பெனிக்காரன்கிட்ட எங்கியோ கீது. இங்க கீறது வெறும் திரைதான்."

"அவன்கிட்ட கீறத நிறுத்து."

"அத்த நிறுத்தினா..."

"நிறுத்தினா இன்னா, ஊரு முழுகிப் பூடுமா? பதினோரு மெஷினும் ஓடிக்கினே கீது. சாமிக்குன்னு ஒண்ணே ஒண்ணு நிக்க வாணாவா? நிறுத்துடி."

நிறுத்தினேன். வேறு வழியில்லை, அவர் நகரவில்லை. டேட்டாபேஸை முறைப்படி மூடினேன். மூடுவதற்கு முன்னால் அது கையில் இருந்ததையெல்லாம் கோப்புகளில் எழுதி முடித்து, அடங்கியது. அதன்பிறகு எனக்கு வேலை இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதில், சனிக்கிழமைக்காக வைத்திருந்த டிஸ்க்கில் கோப்புகளை இறக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் இணைப்பு மெதுவானது. சாயங்காலம் வரை ஆயிற்று. பொரி, சுண்டல், சாம்பிராணி எல்லாம் தயாரான பிறகு அக்கா என் மேசைக்கு வந்து டிஸ்க்கைப் பார்த்தார். "இதுவும் ஆயுதந்தானே, கொண்டா" என்று பிடுங்கிக்கொண்டு போய்க் கத்தரிக்கோல், இடுக்கி, ஸ்டெதாஸ்கோப் எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்துச் சந்தனம் பூசிவிட்டார். கொஞ்சமாகப் பூசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

மறுநாள் டேட்டாபேஸைத் திறந்தேன், காகிதத்தை ஏற்றினேன். டிஸ்க் நர்சுகள் அறையில் சாமி படத்துக்குக் கீழே இருந்த பலகையிலேயே இருந்துவிட்டது. எடுக்க மறந்துபோனேன். சனிக்கிழமை வந்தபோது இன்னொரு டிஸ்க் வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான். இதில் என் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை.

அதற்கப்புறம் ஆறாவது வாரம் ஒரு புதன்கிழமை. வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மழை விடாமல் பெய்தது.

அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு முக்கியமான வேலை இருந்தது. ஏழாம் படுக்கை. சதுரங்கப்பட்டினத்து ஆட்டோக்காரர். மூன்று வருடமாக எங்களிடம் வருகிறார். அவருடைய மனைவி அவருக்குச் சிறுநீரகம் கொடுக்கிறார். அந்த ஊர்க் கோட்டைக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் இட்லி, தோசை விற்கிற நாஸ்தா கடை போட்டிருக்கும் பெண், வாய்க்காரி. சென்னையில் பெரிய மருத்துவமனை ஒன்றில் எல்லாப் பரிசோதனையும் முடிந்து, மாற்று அறுவைக்கு அனுமதி தருகிற கமிட்டியில் வைக்கத் தேதி கொடுத்திருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை தவறிப்போன தேதி. ஒரு தடவை ஏதோ சான்றிதழ் வந்து சேரவில்லை, ஒரு தடவை இவருக்குக் காய்ச்சல். மூன்றாவது தடவையாகக் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அங்கே போய்ச் சேர வேண்டியது எங்கள் பதிவு. மூன்று வருடத்தில் எத்தனை தடவை வேறொருவர் ரத்தம் ஏற்றினோம், எந்தத் தேதியில், மஞ்சள்காமாலைச் சோதனைகள் எப்போது எப்படி வந்தன, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. வேறொருவர் ரத்தம் ஏறியிருந்தால் புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிட வாய்ப்பு அதிகமாம். அதனால் ஞாபகத்தில் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பதிவு வேண்டும். இந்தத் தேதியும் போனால் மனைவியின் பரிசோதனைகள் காலாவதியாகும். மறுபடியும் முதலிலிருந்து. அவருக்கு அத்தனை நாள் தாங்குமா என்று எங்கள் டாக்டருக்கே சந்தேகம். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

புதன்கிழமை அச்செடுத்து, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, அவர் கையில் கொடுக்க வேண்டும். காலையிலேயே ஆரம்பித்தார், கையில் ஊசி ஏறிப் படுத்துக்கொண்டே.

"யக்கா, என் ஜாதகம் ரெடியா?"

தன்னுடைய பதிவை அவர் ஜாதகம் என்றுதான் சொல்லுவார்.

"பொறு. அச்சடிக்கிறேன்."

"கட்டம்லாம் நல்லா கீதா? சனி எங்க கீறான்?"

"உன் பக்கத்து பெட்டுல."

பக்கத்துப் படுக்கையில் இருந்த அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் போர்வைக்குள்ளிருந்து, "காலங்காத்தாலயே என்னை எதுக்கும்மா இழுக்கற" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் என் மேசைக்குப் போனேன். ஏழே கால் இருக்கும். திரை உறைந்து நின்றது.

போன் செய்தேன். வேலை நடந்துகொண்டிருக்கிறது மேடம், பழைய சேமிப்பிடத்திலிருந்து புதிய சேமிப்பிடத்துக்கு மாற்றுகிறோம், பத்து நிமிடம் என்றார்கள். எங்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பத்து நிமிடம் ஒரு மணி நேரம் ஆயிற்று. எட்டரைக்கு வேறொருவர் பேசினார். ஒன்பது மணிக்கு இன்னொருவர். ஒவ்வொரு ஆளும் மேலே போகப் போக ஆங்கிலம் கூடிக்கொண்டே போனது. ஒன்பதரைக்குப் பேசியவர் மட்டும் மனிதர் மாதிரிப் பேசினார். தெற்கத்திப் பேச்சு, நடு வயது இருக்கும்.

"மேடம், மறைக்காம சொல்லிடறேன். புதுசுல காப்பி முடிஞ்சுதான்னு சரிபாக்குறதுக்கு முன்னால பழசை அழிச்சிட்டாங்க. புதுசுல பாதிதான் இருக்கு."

"பிரதி எடுக்கிறேன்னு சொன்னீங்களே தினமும். அது எங்க?"

"அது பழசு கூடவே இருந்துச்சு மேடம். அதுக்குள்ளயே. அதுவும் போயிட்டு."

வீட்டுச் சாவிக்கு மாற்றுச் சாவி செய்து அதையும் அதே வளையத்தில் கோத்து வைத்திருக்கிறீர்கள். அதற்கு எங்களிடம் மாதாமாதம் பில்.

"ஒண்ணே ஒண்ணு வேற இடத்துல இருக்கு மேடம், செவ்வாய்க்கிழமைது. அனுப்புறேன்."

அனுப்பினார். பத்து மணிக்கு அதைத் திறந்து பார்த்தேன். திறக்கவில்லை. ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று டேட்டாபேஸ் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. காரணம் கேட்டேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்த பிரதி, பதிவுகள் ஒரு டிஸ்க்கில், லாக் இன்னொரு டிஸ்க்கில், இரண்டையும் வேறு வேறு நிமிடத்தில் பிடித்திருக்கிறார்கள். ஒரு ஆள் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது இந்த அறையை ஒரு போட்டோ, அந்த அறையைக் கொஞ்சம் கழித்து ஒரு போட்டோ எடுத்தால் எப்படி இருக்கும். ஒன்றில் கால் இருக்கும், ஒன்றில் முதுகு இருக்கும். இரண்டையும் ஒட்டினால் ஆள் கிடைக்க மாட்டான்.

"இந்தக் காப்பியை இதுக்கு முன்னால ஒரு தடவையாவது யாராவது திறந்து பாத்திருக்கீங்களா சார்?"

அவர் தொண்டையைச் செருமினார். "தெறந்து பாத்ததா எங்கயும் குறிப்பு இல்ல மேடம்."

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உண்மையைச் சொன்னார். அவருக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறதா என்று தெரியவில்லை.

சரி, என் சனிக்கிழமை டிஸ்க் இருக்கிறதே என்று அதை எடுத்தேன். இப்போது என் மேல் காறித் துப்பிக்கொள்ள வேண்டிய இடம். அதுவும் திறக்கவில்லை. நானும் ஓடிக்கொண்டிருக்கிற கோப்புகளைத்தான் அள்ளி வைத்திருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கிறவன் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கி ஜெராக்ஸ் போட்ட மாதிரி, பாதி வாக்கியம், பாதி எழுத்து. சனிக்கிழமைதோறும் பெருமையாக டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒரு சனிக்கிழமைகூட அதைத் திறந்து பார்க்கவில்லை. உங்களைக் கேட்ட கேள்வியை என்னைக் கேட்டிருந்தால் நானும் தொண்டையைத்தான் செருமியிருப்பேன்.

பத்தரை மணிக்கு ஆட்டோக்காரருக்கு மெஷின் முடிந்தது. ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்து நின்றார்.

"இன்னாக்கா, மூஞ்சி இப்டி கீது?"

சொன்னேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. உன் பதிவு இல்லை, யாருடையதும் இல்லை, கம்பெனிக்காரன் அழித்துவிட்டான், என்னிடம் இருப்பதும் கெட்டுப்போயிற்று என்றேன்.

அவர் சிரிக்கிற முகத்தோடேயே நின்றார். அந்தச் சிரிப்பை எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது.

"அப்ப நான் மூணு வருசமா இங்க வர்லன்னு அர்த்தமா?"

பஞ்சோடு கையை என் மேசைமேல் நீட்டினார்.

"தோ, இந்தக் கையப் பாருக்கா. ஓட்டை ஓட்டையா கீது. இத்தக் காட்டினா ஒத்துக்க மாட்டாங்களா?"

"ஒத்துக்க மாட்டாங்க."

"பேஜாருக்கா" என்றார் மெதுவாக. "வூட்ல இன்னா சொல்றது? அவ இன்னிக்குப் புதுத் துணி எடுத்து வச்சிக்கினு கீறா, ஆசுபத்திரிக்குக் கட்டிக்கினு போவ."

எனக்கு அப்போது வந்த கோபத்தை எழுத முடியாது. போனை எடுத்து உங்கள் அலுவலகத்தில் யார் கிடைத்தாலும் திட்டலாம் என்று எண்ணை அழுத்தினேன். தலைமை நர்சு அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி மேசையில் வைத்தார்.

"கத்தினது போதும். அன்னிக்கு பூஜைல வச்சமே ஒரு டப்பா, அதுல இல்லியா?"

"அது ஆறு வாரம் பழசுக்கா. அதுல..."

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. பழசுதான். ஆனால் அன்றைக்கு டேட்டாபேஸ் நின்றிருந்தது. நான் நிறுத்தியிருந்தேன். இல்லை, அக்கா நிறுத்த வைத்திருந்தார். ஓடாதபோது எடுத்த ஒரே பிரதி அது. அதில் பாதி வாக்கியம் எதுவும் இருக்காது. அந்த ஆறு வாரமும் என்ன நடந்தது என்பது லாக்கில் இருக்கிறது. லாக் என் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, கால்மணிக்கு ஒன்றாக, அன்றைக்குப் போனில் கத்தி வாங்கினது. பழைய பிரதியை எடுத்து, அதன்மேல் லாக்கை வரிசையாக ஓட்டினால் புதன்கிழமை காலை வரை வந்து சேர வேண்டும்.

நான் எழுந்து ஓடினேன் என்று அக்கா சொல்கிறார். எனக்கு ஞாபகம் இல்லை. சாமி படத்துக்குக் கீழே, காய்ந்த சாமந்திக்கு நடுவில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் அது இருந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கேபிள் சொருகுகிற ஓட்டையில் சந்தனம் அடைத்து, காய்ந்து, கல்லாக இருந்தது.

"யக்கா! இதுக்குள்ளயா பூசுவ?"

"எது மூஞ்சி எது முதுகுன்னு எனக்கு இன்னாடி தெரியும்? ஓட்டை கீற பக்கம் மூஞ்சின்னு நெனச்சேன்."

ஆட்டோக்காரர் பின்னாலேயே வந்திருந்தார். "குண்டூசி குடு, நோண்டறேன்" என்றார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார். நரம்பு தேடி ஊசி போடுவதில் எங்கள் மையத்தில் அக்காவுக்கு மேல் ஆள் இல்லை. ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார், கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மெல்லிய ஊசி ஒன்றை எடுத்து, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தொட்டுத் தொட்டு, சந்தனத்தைத் துணுக்குத் துணுக்காக எடுத்தார். அந்த அரைமணி நேரமும் அவர் வாய் திறக்கவில்லை. அதுவே ஒரு அதிசயம். பிறகு ஓட்டைக்குள் ஊதிவிட்டு, சாமி படத்தைப் பார்த்து ஒரு தடவை முறைத்துவிட்டு, என்னிடம் கொடுத்தார்.

சொருகினேன். டிஸ்க்கின் பச்சை விளக்கு எரிந்தது. கோப்புகள் தெரிந்தன.

அலுவலகத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அதே டேட்டாபேஸை நிறுவினேன். டிஸ்க்கையே எடுத்து ஓட்டவில்லை. முதலில் அதற்கு ஒரு பிரதி எடுத்து, பிரதியில்தான் கை வைத்தேன். இருந்த ஒரே நல்ல சாமானில் நேராகக் கை வைக்கிற மடத்தனத்தை அன்றைக்கு ஒரு நாளாவது செய்யக் கூடாது என்று இருந்தது. மதியம் ஒரு மணிக்கு லாக்கை ஓட விட்டேன். திரையில் ஒவ்வொரு கோப்பின் எண்ணும் ஏறிக்கொண்டே வந்தது. ஒரு எண் இல்லாமல் போனால் அங்கேயே நின்றுவிடும், அதற்கு மேல் எதுவும் கிடையாது. ஆறு வாரத்தில் எத்தனை தடவை கரண்ட் போயிருக்கும், எத்தனை தடவை இணைப்பு அறுந்திருக்கும். நான் சாப்பிடவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுத்தால் நின்றுவிடும் என்று ஒரு முட்டாள்தனமான பயம்.

ஆட்டோக்காரர் வீட்டுக்குப் போகவில்லை. மெஷின் முடிந்த அன்று அவருக்கு நிற்கவே தெம்பு இருக்காது. அக்கா திட்டியும் கேட்கவில்லை. வாசலில் ஆட்டோவின் பின்சீட்டில் மழைத்திரையை இறக்கிவிட்டுக்கொண்டு படுத்திருந்தார். மூன்று மணிக்கு அவர் மனைவி பஸ்சில் வந்து இறங்கினார், கையில் தூக்குவாளி, தலையில் ஒரு பிளாஸ்டிக் பை. யாரோ போன் செய்திருக்கிறார்கள். நேராக என்னிடம் வந்தார்.

"அழுதுகினு கீது வண்டில. இன்னாக்கா சமாச்சாரம்?"

சொன்னேன். கேட்டுவிட்டு வாசலுக்குப் போய்த் திரையை விலக்கி ஒரு அதட்டு போட்டது எனக்கே கேட்டது.

"யோவ், எழுந்திரு. கிட்னி குடுக்கறது நானு. நானே அழுவல. உனுக்கு இன்னா?"

பிறகு தூக்குவாளியைத் திறந்து எனக்கும் அக்காவுக்கும் இட்லி வைத்தார். அவருக்கு வைக்கவில்லை. உப்பு ஆகாது.

நான்கு மணி தாண்டி, எண்கள் நின்றன. நடுவில் ஒரு எண் விட்டுப்போயிற்று என்றே நினைத்தேன். பிறகு பார்த்தால் கடைசி எண் அதுதான். புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வந்த கோப்பு. அதற்கு மேல் ஓட்ட எதுவும் இல்லை. டேட்டாபேஸ் திறந்தது. கேள்வி கேட்டேன், பதில் சொன்னது.

முதலில் ஏழாம் படுக்கை. வரிசையாக இறங்கியது. முதல் நாள், இடது கை, எடை, அழுத்தம். ரத்தம் ஏற்றியது இரண்டு தடவை, இரண்டும் முதல் வருடம், பை எண்ணோடு. சோதனைகள் எல்லாம் தேதியோடு. ஒரு மருந்துக்கு உடம்பு தடித்தது, அதற்கு அக்கா எழுதிய குறிப்பு. கடைசி வரி அன்று காலை ஆறரை, வரும்போது எடை. நானே ஏற்றியது. நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். முதுகு முழுக்க வேர்த்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வந்திச்சா?" என்றார் அக்கா.

தலையாட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆட்டோக்காரர் வாசலில் வந்து நின்றார், உள்ளே வராமல்.

"யக்கா, ஜாதகம்?"

"கீதுய்யா. முழுசா கீது."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி பக்கத்தில் நின்று அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "சனி உன் பக்கத்து பெட்டுக்கே பூட்சி, எழுந்திரு" என்றார். காலையில் நடந்த பேச்சு அதற்குள் அவர் காதுக்கும் போயிருக்கிறது. எங்கள் மையத்தில் எதுவும் தங்காது.

போனது அன்று காலை ஏழு மணிக்குப் பிறகு ஏற்றிய கொஞ்சம்தான். நர்சுகள் மெஷின் மேல் பிளாஸ்திரி ஒட்டி அதில் பேனாவால் எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. பிளாஸ்திரிகளைப் பிய்த்து வந்து என் மேசை விளிம்பில் வரிசையாக ஒட்டினார்கள். அதைப் பார்த்து மறுபடியும் ஏற்றினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை பதிவு சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. கமிட்டி ஒத்துக்கொண்டது. தை மாதம் அறுவை நடந்தது. இப்போது அவர் எங்களிடம் படுக்க வருவதில்லை. கடற்கரைச் சாலை ஊர்களிலிருந்து, மாமல்லபுரம் பக்கமிருந்துகூட, எங்கள் நோயாளிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போகிறார். முகமூடி போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, "யக்கா, என் பெட்ல யாரு கீறாங்க?" என்று கேட்பார். அந்தக் குரலைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு மூச்சு இறங்குகிறது. உங்கள் மேல் இருக்கிற கோபத்தைவிட இந்த நிம்மதி பெரியது. இல்லாவிட்டால் இதை இவ்வளவு பொறுமையாக எழுதியிருக்க மாட்டேன்.

இப்போது நான் மாதம் ஒரு தடவை, அறிவித்துவிட்டு, டேட்டாபேஸை முறைப்படி மூடிப் பிரதி எடுக்கிறேன். எடுத்த பிரதியை அன்றே வேறு கம்ப்யூட்டரில் திறந்து, ஏதாவது ஒரு நோயாளியின் பதிவை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்க்கிறேன். படித்துப் பார்க்காத பிரதியைப் பிரதி என்று நான் இப்போது சொல்வதில்லை. படித்த பிறகு டிஸ்க்கைக் கழற்றி, எதோடும் சேராமல் தனியாக, சாமி படத்துக்குக் கீழே வைக்கிறேன். சந்தனம் பூச வேண்டிய பக்கத்தில் நானே ஒரு பிளாஸ்திரி ஒட்டி அம்புக்குறி போட்டிருக்கிறேன்.

நீங்கள் அடுத்த வாரம் ஒரு கடிதம் அனுப்பினீர்கள். எதிர்பாராத தொழில்நுட்பக் காரணம் என்று எழுதியிருந்தது. எதிர்பாராதது எதுவும் நடக்கவில்லை. சரிபார்க்காமல் அழித்தீர்கள். பிரதியை மூலத்தோடு சேர்த்தே வைத்திருந்தீர்கள். அந்தக் கடிதத்தைக்கூட மன்னித்துவிடலாம். அப்புறம் இணையப் பக்கத்தில் எங்கள் கதையை உங்கள் கதையாகப் போட்டீர்கள். அதைப் பார்த்து இன்னும் எத்தனை சின்ன மருத்துவமனைகள் உங்களிடம் கையெழுத்துப் போட்டிருக்கும். அவர்களிடம் சந்தனம் பூசிய டிஸ்க் இருக்காது.

அதனால் கேட்கிறேன். எனக்குக் கடிதம் வேண்டாம், போன் வேண்டாம், இனிப்பு வேண்டாம். மீட்டுக் கொடுத்தோம் என்று எந்தப் பக்கத்தில் போட்டீர்களோ, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், எல்லோரும் பார்க்கிற மாதிரிப் பதில் போடுங்கள். எங்களுக்காக எடுத்துவைத்ததாகச் சொன்ன பிரதிகளில் ஒன்றையாவது அந்தப் புதன்கிழமைக்கு முன்னால் திறந்து பார்த்தீர்களா? இன்றைக்கு உங்களிடம் இருக்கிற மற்றவர்களின் பிரதிகளைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? ஆம் என்றால் எப்போது என்று போடுங்கள். இல்லை என்றால் இல்லை என்று போடுங்கள்.